போன வாரத்து அரங்கு

நகரத்து வாரப் பத்திரிகையில் ‘இந்த வார இசை, நாடகம்’ என்ற பக்கம் அவள் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் புதிதாக அடிக்க மாட்டாள். போன வாரப் பக்கத்தைத் திறந்து, அதன் மேலேயே பெயர், தேதி, நேரம் என்று மாற்றிக்கொண்டே போவாள். இந்த வாரம் ஒரு வரி மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. அக்காவின் முதல் தனிக் கச்சேரி நூலக மாடியில். அச்சாகி வந்திருந்ததோ போன வாரத்து நாடக அரங்கு.

கண்ணில் பட்டபோது மணி ஐந்தேகால். கச்சேரி ஆறுக்கு. காலையில்தான் அக்கா சொல்லியிருந்தாள்: “காலி நாற்காலிக்குப் பாடற மாதிரி ஆச்சுன்னா இதோட மூட்டை கட்டிடுவேன்டி. பழையபடி கணக்கு டியூஷன்தான்.”

அக்காவின் போன் அணைந்திருந்தது. ஓடினாள்.

நாடக அரங்கின் வாசலில் ஒரே கும்பல். ஏழு மணி நாடகத்துக்கு வந்தவர்கள் யார், பாட்டுக்கு வந்தவர்கள் யார் என்று தெரியவில்லை. இரண்டு பேரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் காதிலேயே விழவில்லை.

படிக்கட்டில் ராஜா வேஷக்காரர் ஒரு பக்க மீசையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் சத்தமா சொல்லிடுங்களேன். கச்சேரி இங்க இல்ல, நூலகத்துல.”

“என் தொண்டை ஏழு மணிக்குத்தான்மா கடை திறக்கும். தப்பாப் போட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்போ நீயே கத்து. மறுபக்க மீசை ஒட்டற வரைக்கும் இந்தப் படி உனக்குத்தான்.”

ஏறினாள்.

“பாட்டுக் கேக்க வந்தவங்க...” குரல் கீச்சென்று உடைந்தது. “தப்பாப் போட்டுட்டேன். பத்திரிகையில நான்தான் போட்டேன். கச்சேரி நூலக மாடியில. என்கூட வாங்க!”

“இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?” என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அவள் விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள்.

இரண்டு தெரு. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வண்டிச் சத்தத்தில் பின்னால் காலடி கேட்கிறதா, இல்லையா என்றும் புரியவில்லை.

மாடி வாசலில் நூலகக் காவலாளி நின்றார். “உள்ள ஒன்பது பேரு. அதுல நாலு உங்க வீடு. இதுக்கு மைக் எதுக்குன்னு உங்கக்கா ஓரமாத் தள்ளி வெச்சுட்டாங்க.”

அவள் உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றாள். மேடையில் அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தம்புரா மட்டும் ஒலித்தது.

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

அப்போதும் அவள் திரும்பவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.