பதினோரு ஆட்டத் தலைவர்

"பேரு இல்லேன்னா இல்லதாங்க. பட்டியல நான் எழுதல" என்று சொல்லி, அயர்ன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் அலுவலகப் பெண் போனை வைத்துவிட்டாள். லார்னா தேவாலய வாசலில் மறுபடி குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தொடங்கினாள். காலையிலிருந்து இது மூன்றாவது போன்.

அணித்தலைவர் ஒருவர் இறந்தால், உயிரோடிருக்கிற பழைய தலைவர்கள் வந்து சவப்பெட்டியைத் தூக்குவது அந்தச் சுரங்க ஊரின் வழக்கம். ஹாக்கி அரங்கின் சுவரில் 1951 முதல் இருபத்திரண்டு தலைவர்களின் பெயர்கள் இருந்தன. இப்போது இறந்துபோன அவள் அப்பா ஓரெஸ்ட் ஹ்ரிஞ்சுக்கின் பெயர் அதில் இல்லை. 1974இல் பதினோரு ஆட்டங்கள் மட்டும் தலைவருக்குரிய 'சி' எழுத்து அவர் சட்டையில் இருந்தது. தலையில் அடிபட்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்த கோல்காப்பாளரை மறுபடி பனித்தளத்தில் இறக்கச் சொன்னார் அணியின் முதலாளி. அப்பா மறுத்துவிட்டார். மறுநாளே எழுத்து போனது, மறுவாரம் அணியில் இடமும். பிறகு முப்பது வருடம் நிக்கல் உருக்காலையில் வேலை.

"உள்ள வாடி. செத்தவருக்கே அந்தக் கவல இல்ல" என்றாள் அம்மா ஒல்யா.

"இருந்துச்சும்மா. நீ பாக்கல."

அம்மா கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டிக்கொண்டாள்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும்; லார்னாவின் அண்ணன் தம்பிகள் நான்கு பேர்தான் இருந்தார்கள். அப்போது ஒரு பழைய டிரக் வந்து நின்றது. ரேயால் கோடெட் இறங்கினார். அப்பாவிடமிருந்து பிடுங்கிய எழுத்தை அடுத்த நாளே தன் சட்டையில் தைத்துக்கொண்டவர். அவர் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

லார்னா வழியை மறித்தாள். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"தூக்க."

"அவருதான் பட்டியல்லயே இல்லையே."

"அதுல நான் ஏன் இருக்கேன்னு தெரியுமா? அந்த எழுத்து எனக்கு வேணாம்னுதான் சொன்னேன். ஒங்கப்பன் வீடு தேடி வந்தான். 'நீ வாங்கலன்னா மொதலாளி மச்சானுக்குக் குடுப்பாங்க. அவன் பசங்களக் கொன்னுருவான். வாங்கிக்கடா முட்டாப்பயலே'ன்னான். வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டான்."

"அம்பது வருஷமாவா?"

"சத்தியத்துக்கு ஏதும்மா தேதி?"

லார்னா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் பின்வாசல்ல ஒரு பாட்டில் இருக்குமே. யாரு வச்சதுன்னு நெனச்ச?" என்றாள் அம்மா, நிமிராமலே.

லார்னாவுக்கு இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"படியில ஐஸ் இருக்கு" என்றாள் கடைசியில். "கையில வலு இருக்கா ஒங்களுக்கு?"

"எடது கை பரவால்ல."

வழிபாடு முடிந்ததும் அவர் முன்னால் பிடித்தார். ஆறாவது ஆளாக, அவருக்குப் பின்னால் லார்னா பிடித்துக்கொண்டாள். படியில் கால் வைக்கும்முன், "மெதுவா. எல்லாரும் ஒண்ணா" என்றார். அண்ணன் தம்பிகள் நடையை மாற்றிக்கொண்டார்கள்.

பனி பெய்யத் தொடங்கியிருந்தது. கோடெட்டின் வழுக்கைத் தலையில் அது படிந்துகொண்டே போனது. தட்டிவிட யாருக்கும் கை ஒழியவில்லை.