பதினேழாம் நம்பர் பேட்ஜ்

எங்கள் விடுதிப் பள்ளியில் ஒரு பெண் பேட்ஜ் குத்தியிருந்தால், யாரோ முன்பின் தெரியாதவர் அவளுக்காகப் பணம் கட்டுகிறார் என்று அர்த்தம். தகர வட்டம், நீலப் பூச்சு, நடுவில் ஒரு எண். அது இல்லாமல் சாப்பாட்டு வரிசையில் நின்றால் தட்டைப் பிடுங்கிவிடுவார்கள். நான் முப்பத்தொன்று. பக்கத்துக் கட்டில்காரி பதினேழு. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களுக்கு விடுமுறையில்தான் ஞாபகம் வரும்.

அன்று காலை பெரிய டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சட்டையிலிருந்த பேட்ஜைத் தன் கையாலேயே கழற்றினார். மேஜை டிராயரை ஒரு விரல்கடை மட்டும் திறந்து உள்ளே போட்டார். தகரத்தின் மேல் தகரம் விழுந்த சத்தம் கேட்டது. பூட்டி, சாவியைப் பேனா டப்பாவில் போட்டுவிட்டு, என் சட்டையில் பதினேழைக் குத்தினார்.

பதினேழின் ஸ்பான்சர் ஒரு பல் டாக்டர். இதுவரை கடிதத்தோடு சரி. முதல் தடவையாக இன்று நேரில் வருகிறார். ஆனால் பதினேழு இங்கே இல்லை. அவள் அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதால் நான்கு மாதத்துக்கு முன்பு வீட்டுக்குப் போனவள். லீவு தாண்டிவிட்டது என்று பெயரை வெட்டிவிட்டார்கள். அதை டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை; அவர் பணம் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

"ஒரு மணி நேரந்தான். நீ சும்மா சிரிச்சிட்டு உக்காந்திரு, பேச்செல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார் பெரிய டீச்சர். "உன் பேட்ஜ் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்குப் பயம் அதையும் தாண்டி நின்றது. எனக்குப் பின்னால் தம்பி தங்கைகள் மூன்று பேர். பெட்டியோடு போய் வாசலில் நின்றால் அப்பா ஒரு வார்த்தை திட்டமாட்டார். மறுநாள் காலையில் சித்தப்பாவின் இஸ்திரிக் கடையில் கொண்டுபோய் விட்டுவிடுவார், அவ்வளவுதான்.

ஆனால் என் பாவாடைப் பையில் பதினேழின் கடிதம் இருந்தது. அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டாள், வரலாமா என்று பள்ளிக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டாளாம். இடமில்லை என்று பதில் போயிருக்கிறது. என் இடத்துல யாரு இருக்கான்னு பாத்துச் சொல்லுடி என்று கேட்டிருந்தாள். யாரும் இல்லை. அவள் கட்டிலில் மெத்தை சுருட்டினபடியே கிடந்தது. இன்றைக்கு அவள் இடத்தில் இருந்தது நான்தான்.

பெரிய டீச்சரின் அறைக்கு வந்த டாக்டர் குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்தார். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டார். பெரிய டீச்சர் என் படிப்பையும் பணிவையும் ஆகா ஓகோ என்று அளந்துவிட்டார். பணிவு என்ற சொல்லை நான் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டேன். கால் மணி நேரம் இப்படியே ஓடியது. தப்பித்தோம் என்று மூச்சு விடப் போனேன்.

"போன வருஷம் பல் புடுங்கின கதைய எழுதியிருந்தியே, விழுந்து விழுந்து சிரிச்சேன்," என்றார் டாக்டர். "அந்த இடம் எப்படி ஆறியிருக்கு? ஆ காட்டு, பாப்போம்."

பிடுங்கியது பதினேழின் கடைவாய்ப்பல். கன்னம் வீங்கிப் படுத்திருந்தவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவள் நான். என் வாயில் ஒரு பல்கூடக் குறையவில்லை. தினம் முப்பது கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற பெரிய டீச்சருக்கு அந்தப் பல் எங்கே நினைவிருக்கப் போகிறது?

"காட்டும்மா, டாக்டர்கிட்ட என்ன வெக்கம்?" என்று என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

வெட்கப்படுகிறவள் மாதிரியே தலையைக் குனிந்திருக்கலாம். டாக்டரும் விட்டிருப்பார். சாயங்காலம் முப்பத்தொன்று என் சட்டைக்கு வந்திருக்கும். அந்தச் சுருட்டின மெத்தைக்குப் பக்கத்தில் படுத்து நான் தூங்கியும் இருப்பேன். அதை நினைத்தபோது என் மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயை முழுக்கத் திறந்தேன்.

டாக்டர் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடியும் இடது பக்கம் வந்தார். டார்ச்சை அணைத்தார்.

"புடுங்கின கடைவாய்ப்பல் திரும்ப முளைச்சு நான் பாத்ததில்ல."

பெரிய டீச்சர் சிரித்தார். வேறு பிள்ளையின் பல்லாக இருக்கும், கடிதங்கள் மாறிப் போயிருக்கும் என்று பூசி மெழுகினார். டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பதினேழு எங்கம்மா?"

கடிதத்தை எடுத்து நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு என் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி, கடிதத்தில் மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத நானே கொண்டுபோய் அவகிட்ட குடுக்கறேன். திங்கக்கிழமை அவ இங்க இருப்பா," என்றார். பிறகு, "இந்தப் பொண்ணோட பேட்ஜ் எங்க?"

டிராயர் சாவி வார்டனிடம் இருக்கிறது, அப்புறம் கொடுத்துவிடுகிறேன் என்றார் பெரிய டீச்சர். பச்சைப் பொய். அதுவரை எங்கோ ஒளிந்திருந்த என் கோபம் அப்போதுதான் எழுந்து வந்தது. பேனா டப்பாவைக் கவிழ்த்துச் சாவியை எடுத்து, டிராயரை முழுசாக வெளியே இழுத்தேன்.

முப்பத்தொன்று மேலாக இருந்தது. அதன் அடியில் இன்னும் ஆறு பேட்ஜ்கள் கிடந்தன. நான்கு, ஒன்பது, இருபத்திரண்டு... எல்லாம் எனக்குத் தெரிந்த எண்கள்.

டாக்டர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் மேஜையில் சிதறிக் கிடந்த ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, காகிதம் தேடினார்.

"ஒவ்வொண்ணா சொல்லு. இது யாரு?"

என் பேட்ஜை நானே குத்திக்கொண்டு, நான்கைக் கையில் எடுத்தேன்.

"நாலு. ஆறாவதுல இருந்தா, நல்லாப் பாடுவா. ஸ்பான்சர் கைவிட்டுட்டாங்கன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினாங்க."

அவள் அழுதுகொண்டே பெட்டி கட்டியபோது, நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த ஸ்பான்சரைத்தான் திட்டினோம்.