தவளைக்கு அரைஞாண்

கல்யாணமாகாத பெண் கை நிறைய அரைஞாண் கயிறு வாங்கினால் பம்பாய் மாதுங்கா சும்மா இருக்குமா? கடைக்கார ஜம்பு மாமா பொட்டலம் கட்டிக்கொண்டே, "ஆத்துல யாருக்கும்மா குழந்தை?" என்று கேட்டார். எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி மாணவி அம்மிணி, "தவளைக்கு மாமா" என்றாள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் விஷயம் கறிகாய்க்காரன் வழியாக அவள் அம்மா அகிலாண்டத்தின் காதுக்கே வந்துவிட்டது.

பாவம், அவள் உண்மையைத்தான் சொன்னாள். தவளைக்கு அடையாளம் வைக்க அதன் கால்விரல் நுனியை வெட்டு என்றார் புரொபசர். அம்மிணிக்கு மனசு வரவில்லை. போரிவலியில் காட்டிலாகா வளர்த்த தேக்குக் காட்டுக்குள் ஒரு குளம். 1964 மழைக்காலத் தொடக்கத்தில், அந்தக் குளத்தில் அகப்பட்ட தவளைகளுக்கெல்லாம், பச்சைக்குழந்தைக்குக் கட்டுவதுபோல் இடுப்பில் கறுப்புக் கயிறும் ஒரு நீலமணியும் கட்டிவிட்டாள்.

கட்டி முடித்த கையோடு தலையில் இடி விழுந்தது. பக்கத்துத் தேக்கு நாற்றங்காலைப் பெரிதாக்க ரேஞ்சர் வேங்கடசுப்ரமணியன் குளத்தைத் தூர்க்கப் போகிறாராம். குளம் போனால் அவள் ஆராய்ச்சியும் போச்சு, தவளைகளும் போச்சு. ரேஞ்சரிடமே போய் நின்றாள்.

"நாத்துல புழு விழாம காப்பாத்தறதே இந்தத் தவளைகள்தான் மாமா."

"தவளை எங்கேருந்து வேணா வரும். உன் கொளத்துத் தவளைதான் என் நாத்தங்காலுக்கு வரதுன்னு காட்டு, விட்டுடறேன். திங்கட்கிழமை மண் லாரி வரது."

அம்மிணி தினமும் லோக்கல் ரயில் பிடித்து ஓடினாள். வந்து சேரக் காலை ஒன்பதாகிவிடும். நாற்றங்காலில் பாத்தி பாத்தியாகத் தேடுவாள். கயிறு கட்டிய தவளை ஒன்றாவது கண்ணில் படவேண்டுமே, ஊஹூம். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியிலேயே வந்தாள். அன்றைக்கும் ஒன்றுமில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட ரேஞ்சர் வீட்டுக்குப் போனாள்.

அவர் வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கொல்லைப்பக்கமிருந்து அவர் மனைவி சுப்புலக்ஷ்மி குளத்துக்குக் கிளம்பி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு வாளி. வாளிக்குள் நீலமணி போட்ட தவளைகள்.

"மாமி, இதெல்லாம் ஏது?"

"நாத்துக்குள்ள கிடக்கறதும்மா. யாரோ வேண்டிண்டு அரைஞாண் கட்டி விட்டிருக்கா போல. தோட்டக்கார மாலி மண்வெட்டியோட வரதுக்குள்ள இருட்டோட பொறுக்கி, தினம் விடியக்காலம்பற கொளத்துல கொண்டு விடறேன். ராத்திரியே திரும்ப வந்துடறதுகள், தத்தாரிகள்."

ரேஞ்சரின் காபி பாதி வழியில் நின்றது. "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நீங்க பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கினாத்தானே சொல்றதுக்கு."

மனுஷர் லேசில் விடுவாரா? "சரி, வரதுகள். புழுவைத்தான் தின்னறதுன்னு என்ன நிச்சயம்?"

அம்மிணி வாயைத் திறக்குமுன் மாமி ஒரு தவளையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே காட்டினாள்.

"தொப்பையைப் பாருங்கோ. கயிறு இறுகிப்போய் நான்தான் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டியிருக்கேன். புழுவைத் தின்னலைன்னா உங்க நாத்து இருக்குமா? ஒரு இலையில ஓட்டையைக் காட்டுங்கோ பார்ப்போம்."

ரேஞ்சர் தவளையைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார். மிச்சக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டேள்?"

"லாரிக்காரன்கிட்ட, வராதேன்னு சொல்லிட்டு வரேன்."

அம்மிணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமியின் கையிலிருந்த தவளையை வாங்கிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கொழுக்க இடம் விட்டுத்தான் கட்டியிருந்தது.