ஆளுக்கு ஒரு கைப்பிடி வலி

ஹந்தானை மலையடிவாரத்து நாய்க் காப்பகத்தில் வைத்தியம் நடக்கும்போது வலி நாய்க்கு வராது, அதைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் வரும். சின்ன ஊசிதானே என்று பிடிக்க வந்தவர்கள் மறுநாள் தலைகாட்டவில்லை. தேயிலைத் தோட்ட வேலையை விட்டிருந்த வடிவம்மா மட்டும் நின்றுவிட்டார். காது கிழிந்த நாயும் புண் புழுத்த நாயும் அவர் மடியில் நிம்மதியாகத் தூங்கின. அவர் வலிக்கும் தன் காதைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினார். வலியோடு நாயின் கனவும் கொஞ்சம் வந்துவிடும் என்பதால், கண்டியின் குப்பைமேடுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒரு நாள், கலகெதர வீதியில் பஸ்ஸில் அடிபட்ட சீனி என்ற நாயைக் கொண்டுவந்தார்கள். இடது பின்னங்கால் கூழாகியிருந்தது, எடுத்தாக வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரியான மிருக வைத்தியர் சஞ்சீவனி மயக்க மருந்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். மருந்து கொடுத்தாலும் வலி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? வடிவம்மாவுக்கோ இருதய நோய்.

"உங்கட நெஞ்சு இதைத் தாங்காதம்மா. சீனியை ஒரேயடியா நித்திரையாக்கி அனுப்பிவிடுவம்," என்றார். சீனி வாலை ஆட்டியது. பாவம், அதற்கு எல்லாரும் நல்லவர்கள்.

மலையில் ஒருத்தி பறிக்கும் தேயிலைக் கொழுந்து குறைந்தால் அன்று பாதிச் சம்பளம்தான், அரைப்பேர் என்பார்கள். அப்படி ஆகாதிருக்கப் பக்கத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி அவள் கூடையில் போடுவது வழக்கம். "கொஞ்சம் இருங்க டாக்டரம்மா, கொழுந்து மாதிரி பங்கு போட்டுக்குவோம்," என்று வடிவம்மா தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனார்.

நல்லம்மா என்பவள் முன்னால் வர, கொழுந்தெடுக்கும் லயத்துப் பெண்கள் வந்து சீனியின் மேல் கைவைத்தார்கள். மூடுபனி ஜன்னல் வழியாக வந்து மேசைக்கடியில் படுத்துக்கொண்டது. கத்தி பட்டபோது நல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "புள்ள பெத்ததுக்கு இது பரவால்ல," என்றாள். பிறகு எல்லாருக்கும் ஒரே கனவு வந்தது. பஸ்ஸே வராத வீதி, மூக்கில் ஈரக் காற்று, சீனி ஓடுகிறது. பாதி ஓட்டத்தில் ஒரு கால் கழன்று விழுந்தது. சீனி நின்று அதை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் ஓடியது. வடிவம்மாவின் நெஞ்சு தன் பங்கைத் தாங்கிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க அந்தப் பெண்கள் இடது காலை நொண்டி நொண்டிக் கொழுந்தெடுத்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை காரணம் கேட்கவில்லை. நோவறியாத சீனி மூன்று காலில் அவர்களுக்கு முன்னால் ஓடியது. இப்போதெல்லாம் காப்பகத்துக்கு எந்த நாய் வந்தாலும் அந்தப் பெண்கள்தான் வலியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் ஹந்தானை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அர்கம், "இண்டைக்கி எந்தக் கால்?" என்று கேட்டு, அந்தக் காலை நீட்ட வசதியான சீட்டைக் காட்டுகிறார்.