திருத்தினால் ஆரஞ்சு

பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த மனைவி மதியம் போன் செய்தாள். "என்னங்க, இடுப்பு விட்டு விட்டு வலிக்குது. எந்நேரமும் ஆகலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க."

நான் வீடுகளுக்கு வரைபடம் போடும் ஆபீசில் இருக்கிறேன். ஒரு வரைபடத்தைத் தொட்டால் கம்ப்யூட்டரில் அதற்கான கடிகாரத்தை ஓடவிட வேண்டும்; எழுந்தால் நிறுத்த வேண்டும். அன்று நிறுத்தாமலே வெளியே ஓடினேன். அவள் போனை வைத்த பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. டிக்கெட் சனிக்கிழமைக்கு. லீவுக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை. தெருத்தெருவாகச் சுற்றினேன். மருந்துக்கடையில் எதற்கென்றே தெரியாமல் ஒரு சோப்பு வாங்கினேன்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. திரையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் தானாகவே நின்றுவிடுமே!

பக்கத்து நாற்காலி நெட்டையன் பல்லைக் காட்டினான். "நான்தான் மச்சான். போகவர உன் மவுஸை ஒரு தட்டு தட்டிக்கிட்டே இருந்தேன்."

எங்களுக்குள் அது ஒரு மரியாதை. ஒருவர் டீக்குப் போனால் அடுத்தவர் ஆட்டிவிடுவார்.

"அடப்பாவி, மத்தியானம் பூராவுமா ஆட்டுவ?"

"டீக்குத்தான் போனேன்னு நெனச்சேன். டீத்தோட்டத்துக்கே போயிட்டியா?"

தானாக நின்றிருந்தால் வம்பே இல்லை. இப்போது நான் இல்லாத நேரத்தைக் கையால்தான் வெட்ட வேண்டும். கையால் திருத்திய நேரம் ஆரஞ்சு நிறமாகிவிடும். லீவு கேட்டவன் கணக்கில் ஆரஞ்சு இருந்தால், மேலிடம் விசாரித்த பிறகுதான் லீவு. தொடாமல் விட்டால் பச்சை. ஆனால் அந்தப் பச்சையில், ஒரு சின்ன வாசல்படிக்கு நான் அரைநாள் உழைத்திருக்கிறேன்.

"விட்டுத் தொலை. யாரு பாக்கப் போறா?" என்றான் நெட்டையன்.

"மாமியார் பாத்தா?"

மாமியார் என்பது எங்கள் செக்‌ஷன் மேடத்துக்கு நாங்கள் வைத்த பேர்.

"பாத்தா படி ரொம்ப வழுக்குச்சுன்னு சொல்லு. பச்சையைத் தொடாத மச்சான். பச்சைன்னா நீ பிள்ளை மூஞ்சியைப் பாக்குற."

உட்கார்ந்தேன். ஒரு கோடு போட்டேன், அழித்தேன். தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன். அந்த அரைநாளுக்கான பில் வீடு கட்டுகிறவர் தலையில் விழும், அவர் கேட்பார். பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது ஆபீசிலிருந்து போன் வரும். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. வெட்டினேன். கம்ப்யூட்டர் காரணம் கேட்டது. 'மனைவிக்கு வலி, வெளியே போயிருந்தேன்' என்று அடித்தேன். நெட்டையன் பேரை இழுக்கவில்லை. கட்டம் ஆரஞ்சானது.

நேரே மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களேவா திருத்தினீங்க?"

"ஆமாங்க மேடம்."

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க? உங்க லீவை காலையிலயே மேல அனுப்பிட்டேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இப்ப பாருங்க." திரையை என் பக்கம் திருப்பினார். ஆரஞ்சு விழுந்ததும் என் லீவு தானாகவே அவரிடம் திரும்பி வந்திருந்தது. "விசாரிக்கிறவர் புதன்கிழமைதான் வருவாரு."

"டிக்கெட் சனிக்கிழமை மேடம்."

அவர் மேல்மாடிக்கு இரண்டு முறை போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. "நீங்க பண்ணது சரிதான்ப்பா. ஆனா இனிமே என் கையில இல்ல."

வராந்தாவுக்கு வருவதற்குள் மனைவி கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டோங்க. அப்பா வர்ற வரைக்கும் சமத்தா உள்ளயே இருன்னு சொல்லிப் பாத்தேன். உங்க புள்ளைதானே, ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குது." சிரித்தாள், பிறகு மூச்சுப் பிடித்தாள். "சனிக்கிழமை வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன்மா."

மேல்மாடிக்கு ஏறினேன். விசாரிக்கிறவர் இல்லை என்று தெரியும். இருந்தும் பூட்டிய கதவைத் தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"யாரு வேணும்?"

"கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க யாராவது" என்றேன்.