உறைந்த தேன்

காணும் பொங்கலன்று கோமுகி அணையில் கூட்டம் அலைமோதும். அங்கே தேனும் தினைமாவும் உருண்டை பிடித்து விற்பதென்று கச்சிராயபாளையத்து ஜெயசுதாவும் பக்கத்து வீட்டு ஆண்டாளும் மார்கழியிலேயே முடிவு செய்திருந்தார்கள். இருவரும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். சொந்தமாகக் கடை போடுவது இதுதான் முதல் தடவை.

காணும் பொங்கல் காலையில் முதல் பஸ்ஸிலேயே கல்வராயன் மலையிலிருந்து தேனெடுக்கும் வேடியப்பன் இரண்டு கேன் தேனோடு வந்து இறங்கினார். ஆண்டாள் ஒன்றைத் திறந்தாள். வாய்வரை வெளுத்து, ரவை மாதிரி இறுகிக் கிடந்தது.

“இன்னாண்ணே இது? கெட்டுப்போனத எடுத்துக்கினு வந்துக்கிற?”

வேடியப்பனின் முகம் சுண்டிவிட்டது. “எடுத்தப்ப நல்லாத்தாம்மா ஓடிச்சு. மேல இந்த வருசம் பனி ஜாஸ்தி...”

இன்னொரு கேனில் தேன் தளதளவென்று ஆடுவது வெளியிலிருந்தே தெரிந்தது. “இது போதும். அத வாய்க்கால்ல கொட்டு” என்றாள் ஆண்டாள்.

“கொட்டச் சொல்லாதக்கா, இரு!” என்று தடுத்தாள் ஜெயசுதா.

அவள் பத்தாவதில் அறிவியலில் மட்டும் தோற்றுப் படிப்பை விட்டவள். முப்பத்திரண்டு வயதில் மறுபடி எழுதப் போகிறாள். கரும்புக் கொல்லையில் சாப்பிட உட்கார்ந்தாலும் மடியில் புத்தகம்தான். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்ற பாடத்தை எத்தனை முறை படித்தும் அவளுக்குக் குழப்பம் தீரவில்லை. இப்போது அந்தக் குழப்பமே இரண்டு கேனாக எதிரில் நின்றது.

இறுகியதில் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தாள். நறநறவென்று கரைந்து தித்தித்தது. அடுத்த கேனின் மூடியைத் திருகினாள். ‘புஸ்’ஸென்று காற்று சீறி நுரை பொங்கியது. புளித்த வாடை மூக்கில் ஏறியது.

அவள் சிரித்தே விட்டாள்.

ஒரு டம்ளர் கட்டித் தேனை வெந்நீரில் இறக்கி வைத்தாள். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓரம் இளகியது, நடு இளகியது. கொஞ்ச நேரத்தில் டம்ளர் நிறையப் பொன்னிறத் தேன்.

“கட்டியா இருந்தப்பவும் தேன், இப்பவும் தேன். உருவந்தான் மாறிச்சுக்கா. அந்தக் கேன்ல பொருளே மாறிப்போச்சு. காத்து வுடுது, புளிக்குது. அது வேற ஒண்ணா ஆயிடுச்சு.”

“கொதிக்க வெச்சா சரியாப் போவாதா?”

“நுரை அடங்கும். பழைய தேன் வராது.”

“அதெப்படி ஒண்ணு மட்டும் புளிக்கும்?”

வேடியப்பன் தயங்கினார். “நீங்க குடுத்தனுப்பின கேன்தாம்மா அது. உள்ள ஈரம் நின்னுக்கினு இருந்திச்சு. தொடச்சுத்தான் ஊத்தினேன்...”

கேனைக் கழுவி, காயவைக்காமல் கொடுத்தது ஆண்டாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மூவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. “மன்னிச்சுடுங்கண்ணே, வாய் முந்திக்கிச்சு” என்றாள்.

அண்டா வெந்நீரில் கட்டித் தேன் கேனை வைத்து இளக்கி, மூன்று பேருமாக மாவைப் பிசைந்தார்கள். அணைக்கரையில் மதியத்துக்குள் தட்டு காலி. “இன்னும் இல்லியா?” என்று கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லி ஆண்டாளின் தொண்டை கட்டியது.

கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வேடியப்பனை இருவரும் விடவில்லை, அணைக்கரையில் போட்டிருந்த ராட்டினத்தில் ஏற்றி நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். உச்சிக்குப் போனதும் அணைத் தண்ணீர் முழுக்கத் தெரிந்தது. ஜெயசுதா கையை உயர்த்திக் கூவினாள்.

“பரிச்சைல இந்தக் கேள்வி மட்டும் வரட்டும்க்கா, மூணு பக்கம் எழுதுறேன்!”