தாய்வழி வந்தது

ரீத்தாவின் தம்பிகள் இருவரும் ஒரே நோயில் போனார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி அந்தமானுக்கு வந்து, போர்ட் பிளேரை அடுத்த புரோத்ராபூரில் குடியேறிய குடும்பம் அது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த மூத்த தம்பிக்கு ஏழு வயதில் பேச்சு குழறியது; பார்வை மங்கியது; கால்கள் விறைத்தன. ஒரு மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்து இறந்தான். இளையவனுக்கும் அதே வயதில் நாக்கு குழறத் தொடங்கியபோது, அம்மா கிளாரா அவனை மதராசுக்குக் கொண்டுபோனாள். ரீத்தாவும் உடன் போனாள்.

கிளாராவின் அண்ணன் ஒருவரும் சிறுவயதில் இப்படித்தான் இறந்தார் என்று தெரிந்ததும் நரம்பு மருத்துவர், இது தாய்வழி வருவது, ஆண்பிள்ளைகளைத்தான் சாய்க்கும், பெண்கள் நலமாக இருந்தபடியே இதைச் சுமப்பார்கள் என்று விளக்கினார்.

“எங்கிட்டயும் இருக்கா டாக்டர்?” என்று ரீத்தா கேட்டாள்.

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் வழி வரலம்மா.”

இளையவனும் போன பிறகு, அவளைப் பெண் கேட்டு வந்தான் அருள்நாதன். நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் சாலை வேலைக்கு லாரி ஓட்டுபவன். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் மறுத்தாள், காரணத்தையும் மறைக்கவில்லை. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு மெயின்லேண்டிலிருந்து புது டாக்டர் வரும்போதெல்லாம், ரத்தத்தில் பார்க்க வழி வந்துவிட்டதா என்று போய்க் கேட்டாள். எல்லாரும் கையை விரித்தார்கள். அருள்நாதன் வேறு பெண் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோவில் வாசலில் அவளை நிறுத்தினான்.

“தெரியலன்னு எத்தன வருசம் இப்படியே இருப்ப? எனக்கு நீ வேணும். புள்ள பெத்துக்கிறதும் வேண்டாங்குறதும் ஒன் இஷ்டம்.”

கல்யாணம் நடந்தது. ரங்கத் வீட்டில் பிள்ளை இல்லாமலே சில வருடங்கள் ஓடின. அண்டை வீட்டு வங்காளிக் குழந்தைகளைத் தூக்கினால் அவளுக்கு இறக்கிவிட மனம் வராது. கடைசியில், எனக்கும் ஒன்று வேண்டும் என்று அவளே கணவனிடம் சொன்னாள்.

பத்து மாதமும் பயந்தே கழித்தாள். பிரசவம் பார்த்த நர்ஸ், “லட்கி ஹை” என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பெண் என்று கேட்டதும் ரீத்தா விம்மி அழுதாள். ஏமாற்றத்தில் அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் தேற்றினாள். அருள்நாதனுக்கு மட்டும் விஷயம் புரிந்தது.

ஞானஸ்நானத்தன்றுதான் இன்னொன்று உறைத்தது. தன்னிடம் இருந்தால், இவளிடமும் இருக்கலாம். கிரேசி என்று பெயரிட்ட குழந்தையின் நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்தபடி, இவள் வளர்வதற்குள் யாராவது வழி கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மன்றாடினாள்.

இன்னொரு பிள்ளைக்கு அவள் துணியவில்லை. ஐந்து வயதில் கிரேசி, “எனக்குத் தம்பி வேணும்மா” என்று சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“எனக்கும்தான் வேணும்டி,” என்றாள் ரீத்தா.